உள்பக்கக் குமிழ்

போன வாரம் நாம் கூலிங்காரரை விட்டுவிட்டு வந்தபோது, அவர் கிடங்கு வாசலில் நின்று போனில் "யோசிச்சு சொல்றேன் சார்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்ல அவருக்குக் கொடுத்த கெடு இன்று மாலை ஐந்து மணி.

யோசிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முடிவெடுக்கச் சொன்னால்தான் மதில் மேல் பூனை. அதுவும் மதிலிலேயே படுக்கையை விரித்துப் போட்டுவிட்ட பூனை.

குளிர்பதனக் கிடங்கில் மெஷின் பார்க்கிற மெக்கானிக் அவர். ஒரு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி அவரை இந்த ஊருக்கு மாற்றி, தங்க ஒரு குவார்ட்டர்ஸையும் கொடுத்தது. பழைய ஊரில் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டை விற்றுவிடலாம் என்று நம்பிப் புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பி வந்தார்கள். வீடு விற்றபாடில்லை. அதன் கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து கதவைத் தட்டியது.

இங்கே வேலையோ கழுத்தை நெரித்தது. மூன்று பேர் செய்த வேலை இப்போது அவர் ஒருவர் தலையில். மேனேஜருக்கு 'நாளைக்கு' என்று பட்டப்பெயர். எந்த ஸ்பேர் பார்ட் கேட்டாலும் "நாளைக்குப் பாக்கலாம்" என்பார்.

வேறொரு ஊரில் பெரிய கிடங்கு ஒன்று கூலிங்காரரைக் கூப்பிடுகிறது. ஐந்து மணிக் கெடு வைத்தது அவர்கள்தான். நல்ல பதவி, கீழே ஆட்கள். ஆனால் குவார்ட்டர்ஸ் கிடையாது. சேர்ந்துவிட்டால் மூன்று வருஷம் விலகவும் முடியாது. வீடு விற்காமல் அங்கே போனால் வாடகையும் தவணையும் சேர்ந்து ஆளை விழுங்கிவிடும். போகாவிட்டால் காலமெல்லாம் 'நாளைக்கு'தான்.

"இருதலைக் கொள்ளி எறும்புன்னு சொல்றாங்களே, அந்த எறும்பு குடுத்து வெச்சது. அதுக்கு ரெண்டு பக்கம்தான் நெருப்பு" என்று கூலிங்காரர் அடிக்கடி சொல்வார்.

இன்றைக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர் வீட்டைப் பார்க்க வருகிறார். விலை பேசி முடிந்துவிட்டது. மனைவியோடு வந்து ஒருமுறை பார்த்துவிட்டால் கையோடு அட்வான்ஸ் என்று சொல்லியிருந்தார்.

காலையில் நைட் டியூட்டி முடிந்து நர்ஸம்மா வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். ராத்திரி வேலை, பகலில் தூக்கம். இந்த குவார்ட்டர்ஸில் அந்தத் தூக்கத்துக்குத்தான் வழியில்லை. ஜன்னலுக்கு நேர் கீழே லாரிகள் பின்னால் வந்து சரக்கு ஏற்றும் இடம். 'பீப் பீப்' என்ற சத்தம் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நிற்காது.

"என்னங்க, என் தம்பிகிட்ட பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன். சாவியோட ரெடியா இருக்கான்."

"அந்த டப்பா ரூமை முதல்ல காட்ட வேண்டாம்னு சொல்லுங்க. மத்ததெல்லாம் பாத்து மனசு குளிரட்டும். கடைசியில காட்டட்டும்."

"ஏன், அதுக்கு என்ன குறைச்சல்?" என்று கூலிங்காரர் சட்டென்று முறுக்கிக்கொண்டார்.

"குறைச்சல் ஒண்ணுமில்லை சாமி. வந்தவங்க எல்லாரும் அங்க வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வர்றாங்க. அதைப் பாத்ததும் செருப்பைத் தேடறாங்க. இடிச்சுத் தொலைங்கன்னு புரோக்கர் சொன்னாரு, நானும் சொன்னேன். கேட்டீங்களா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டப்பா ரூம் என்பது அந்த வீட்டின் நடு அறை. பழசாகிக் கழித்துக் கட்டிய குளிர் அறை ஒன்றின் தகடு போர்த்திய பலகைகளை வாங்கிவந்து, அவரே தன் கையால் பொருத்தியது. ஜன்னல் கிடையாது. காற்றுக்கு மட்டும் கூரையில் ஒரு வளைந்த குழாய். கதவு ஒரு சாண் கனம் இருக்கும். அதைச் சாத்திவிட்டால் வெளியே இடியே விழுந்தாலும் உள்ளே கேட்காது. ராத்திரியெல்லாம் நின்றுவிட்டு வருகிற பெண்டாட்டி பகலில் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று கட்டியது. ஊரில் ஒவ்வொருவன் பெண்டாட்டிக்கு நகை வாங்கிப் போடுவான். இவருக்குத் தெரிந்தது இதுதான்.

பார்க்க வந்த ஒரு மனிதர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "இதுக்குள்ள யாரைப் போட்டுப் பூட்டி வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு முழுக்க கூலிங்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

மதியம் தாண்டி, கிடங்கின் உறைநிலை அறையில் அவர் பனி தட்டிக்கொண்டிருந்தார். முகத்தை மட்டும் விட்டு மற்றதெல்லாம் போர்த்தியிருந்தது. வெளியே நடைக்கு வந்ததும் போன் துடித்தது.

"மாமா, பதறாதீங்க" என்றான் மச்சினன்.

பதறாதீங்க என்று ஆரம்பிக்கிற போன் நல்ல சேதி சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

"சொல்லு மாப்ளே."

"கண்ணாடிக்கடைக்காரர் டப்பா ரூமுக்குள்ள இருக்காரு."

"பாக்கட்டும். பொறுமையா பாக்கட்டும்."

"பாத்து முடிச்சுட்டாரு மாமா. வெளிய வர முடியலை."

கூலிங்காரர் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டார்.

"நீங்கதானே மாமா சொல்லச் சொன்னீங்க? கதவைச் சாத்திப் பாருங்க சார், ஒரு சத்தம் கேக்காதுன்னு. சொன்னேன். அவரும் சாத்தினாரு. நான் திறக்கலாம்னு வெளிக் கைப்பிடியை இழுத்தேன். ஒரு வருஷமா கதவு திறந்தே கிடந்ததால யாரும் அதைத் தொடாம துருப்பிடிச்சுக் கிடந்திருக்கு. கையோட வந்துருச்சு. இப்ப கைப்பிடி என் கையில இருக்கு, அவர் உள்ள இருக்காரு."

"சரி, சரி..."

"உள்பக்கம் பச்சையா ஒரு குமிழ் இருக்குமே, அதை அமுக்குங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன். அவருக்குக் கேக்கலை. உள்ள போனும் எடுக்கலை. மாமா? லைன்ல இருக்கீங்களா?"

கூலிங்காரர் லைனில்தான் இருந்தார். அவர் கண் எதிரே, பாதி திறந்திருந்த உறைநிலை அறைக் கதவின் உள்பக்கம், அதே பச்சைக் குமிழ் இருந்தது. அதே என்றால் அதேதான்.

இந்த ஊருக்கு வந்த புதிதில், இங்கே உறைநிலை அறைக் கதவில் உள்ளே இருந்து திறக்கும் குமிழ் உடைந்து கிடந்தது. மூட்டை தூக்குகிறவர் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டு, யாரோ தற்செயலாகத் திறந்ததால் பிழைத்தார். பல் தந்தியடிக்க அவர் வெளியே வந்து நின்ற கோலம் கூலிங்காரரை விட்டுப் போகவில்லை. ஸ்பேர் கேட்டார். "நாளைக்கு" என்றார் மேனேஜர். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனபோது, தன் வீட்டு டப்பா ரூமின் குமிழைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஆள் இல்லாத வீட்டில் இது எதற்கு, இங்கே நாலு உயிர் போய் வருகிற இடம் என்று நினைத்தார். ஓட்டையில் துணியைத் திணித்து அடைத்தார். யாரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம்கூட.

மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "செலவில்லாம முடிஞ்சுதா? பேஷ்" என்றார். அவ்வளவுதான் நன்றி.

"மாப்ளே, குமிழ் அங்க இல்லை."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லை. அப்புறம் சொல்றேன். இப்ப நான் சொல்றதைக் கேளு. கூரைக் குழாய் வழியா காத்து வரும், உயிருக்கு ஒண்ணும் ஆகாது. லைட் சுவிட்ச் வெளியதான் இருக்கு, போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"கைப்பிடி வந்த இடத்துல ஒரு ஓட்டை தெரியும். ஸ்குரூ டிரைவரை விட்டுக் குத்து. அந்தப் பக்கம் துணி இருக்கு, விழுந்துரும். அது வழியா பேசு. முதல்ல மனுஷனை நிதானப்படுத்து."

மச்சினனுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறவர்களையெல்லாம் தினமும் பார்க்கிறவன். துணி விழுந்த சத்தமும், உள்ளே இருந்து ஒரு கர்ஜனையும் போனில் கேட்டன. அதற்குமேல் மச்சினனின் வகுப்புக் குரல் கேட்டது.

"சார், ஒண்ணுமில்ல சார். நீங்க நல்லாத்தான் பண்றீங்க. மூச்சை மெதுவா இழுங்க. மெதுவா விடுங்க. முன்னாடி பாருங்க... முன்னாடி சுவர்தான், பரவாயில்லை, அதையே பாருங்க."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் நடையில் வந்து நின்றார்.

"என்னய்யா, டியூட்டி நேரத்துல போனு? என் ரூம் ஏசி குளிரவே மாட்டேங்குது, காலையிலயே சொன்னேனே?"

"ஒருத்தர் ரூம்ல மாட்டிக்கிட்டாரு சார்."

மேனேஜரின் முகம் வெளுத்தது. "எங்கே? நம்ம ஸ்டோர்லயா?"

"இல்லை சார். என் வீட்டுல. பழைய ஊர்ல."

"அட, அவ்வளவுதானா?" மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதை நாளைக்குப் பாத்துக்கலாம். முதல்ல என் ஏசியைப் பாரு."

கூலிங்காரர் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அது மரியாதையில்லைதான். ஒரு வருஷத்தில் அவர் செய்த முதல் மரியாதைக் குறைவு அது.

"மாப்ளே, கதவோட கீல் வெளிப்பக்கம் இருக்கு. மூணு கீல். ஒவ்வொண்ணுலயும் ஒரு முளை இருக்கும். உன் கார்ல ஜாக்கி ராடு இருக்குல்ல? அதை வெச்சுக் கீழேருந்து மேல தட்டு. முதல்ல அடிக் கீல், அப்புறம் நடு, கடைசியா மேல. மேல் முளையை எடுக்கறப்ப கதவுக்குத் தோள் குடுத்துக்கோ. உன் மேல சாஞ்சா நீயும் அவரும் சேர்ந்து ஆஸ்பத்திரியில அக்காவைத்தான் பாக்கணும்."

டங் டங் என்று இரும்புச் சத்தம். ஒவ்வொரு அடியும் தன் நெஞ்சில் விழுவதுபோல் இருந்தது கூலிங்காரருக்கு. அந்தக் கீல்களை எண்ணெய் போட்டுப் பொருத்தியவர் அவர்தான்.

"அவர் வீட்டம்மா எப்படி இருக்காங்க? அழறாங்களா?"

"அதான் மாமா ஆச்சரியம். ஹால்ல நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உக்காந்து, வெளிய பாத்துக்கிட்டு இருக்காங்க. தண்ணி வேணுமான்னு கேட்டேன். 'வேணாம் தம்பி, நீங்க அவசரப்படாம பண்ணுங்க'ன்னு சொல்றாங்க."

கதவு ஒருவழியாகக் கழன்று சுவரில் சாய்ந்தது. அதற்குப்பிறகு வந்த குரலைக் கேட்க போனைக் காதில் வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"இது வீடாய்யா? எலிப்பொறி! மனுஷன் இருக்கற இடமா இது? யாருக்கு வேணும் உங்க வீடு? ஏய், எந்திரி, கிளம்பு!"

கார் கதவு படாரென்று சாத்தப்பட்டது. பிறகு மச்சினன் தணிந்த குரலில், "போயிட்டாங்க மாமா" என்றான்.

கூலிங்காரர் பச்சைக் குமிழின் மேல் கையை வைத்தார். ஊரான் வீட்டுக் கதவுக்கு வழி பண்ணிவிட்டுத் தன் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்ட புத்திசாலி உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று பட்டது. தன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஆனால் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக மட்டும் அந்த நிமிஷத்திலும் அவருக்குத் தோன்றவில்லை.

ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸ் படியேறியபோது மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தூங்கிய அடையாளமே இல்லை.

"தம்பி எல்லாம் சொன்னான்" என்றாள். "குமிழ் எங்கே போச்சு?"

மென்று முழுங்கிச் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன்டாப்பா இவரைக் கட்டிக்கிட்டோம்னு எத்தனையோ தடவை நினைச்சிருக்கேன். இன்னைக்கு நினைக்கலை."

"வீடு போச்சேம்மா. இனிமே யார் வருவாங்க? அஞ்சு மணிக்கு அந்தப் புதுக் கம்பெனிக்காரர் கூப்பிடுவாரு. என்னன்னு சொல்ல? வரேன்னு சொன்னா சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். வரலைன்னு சொன்னா இங்கேயே கிடந்து சாகணும்."

"ஒண்ணு கேக்கறேன். மூணு வருஷம் விலக முடியாதுன்னு சொல்றாங்களே, உள்ள போய்ப் பாத்துட்டுப் பிடிக்கலைன்னா? அந்த வேலைக்கு உள்பக்கம் குமிழ் இருக்கான்னு கேட்டீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. "இங்க மட்டும் என்ன வாழுது?"

"இங்க இருக்கே. நீங்கதானே மாட்டினீங்க" என்றாள் அவள்.

கீழே ஒரு லாரி பீப் பீப் என்று பின்வாங்கியது. இரண்டு பேரும் அது முடியும்வரை காத்திருந்தார்கள். பேச்சை நிறுத்திக் காத்திருப்பது இந்த வீட்டில் பழகிப்போன விஷயம்.

"அந்த ரூமை இடிங்கன்னு சொன்னேன்ல" என்றாள் அவள். "வாய்தான் சொல்லுச்சு. அங்க தூங்கின தூக்கத்தை நினைச்சாலே எனக்கு ஏக்கமா இருக்குங்க. நோயாளிக்கு ஊசி போடறப்ப கை நடுங்குது. என்னைக்காவது தப்பு பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு. உங்ககிட்ட சொல்லலை. உங்க பாடே பெரும்பாடு."

கூலிங்காரர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். நடுங்கத்தான் செய்தது.

போன் அடித்தது. இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஐந்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. தெரியாத நம்பர்.

"ஐயா, நான் கண்ணாடிக்கடை வீட்டம்மா பேசறேன்." தாழ்ந்த குரல். பின்னால் கடைச் சத்தம் கேட்டது. "அவருக்குத் தெரியாமத்தான் பேசறேன். உங்க நம்பர் டிரைவிங் ஸ்கூல் தம்பி குடுத்துச்சு."

"அம்மா, மன்னிச்சுக்கோங்க, இன்னைக்கு நடந்தது..."

"அதை விடுங்க. அவர் உள்ள இருந்த நேரம் நான் உங்க ஹால்ல உக்காந்திருந்தேன் பாருங்க, அப்படி ஒரு அமைதியா நான் உக்காந்து எத்தனையோ வருஷம் ஆச்சு." குரலை இன்னும் தாழ்த்தினார். "கடையிலயும் அவர்தான், வீட்டுலயும் அவர்தான். வாய் ஓயாது. கெட்டவர்னு சொல்லலை. ஓயாது, அவ்வளவுதான். வீடு வாங்கற காசு பாதிக்கு மேல எங்க அப்பா எனக்குக் குடுத்தது. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்த ரூமை உள்ள இருந்து தாழ்ப்பாள் போட்டுக்க முடியுமா? வெளிய இருந்து யாரும் திறக்க முடியாதபடி?"

அந்த அறையைப் பார்த்த அத்தனை பேரும் அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்றுதான் கேட்டார்கள். எப்படி உள்ளேயே இருப்பது என்று யாரும் கேட்டதில்லை.

"இதுக்கு நான் பதில் சொல்லக்கூடாதும்மா. அந்த ரூம்ல இருந்தவ இங்க இருக்கா. அவகிட்ட தர்றேன்."

நர்ஸம்மா போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். லாரிச் சத்தம் உள்ளே வராமலிருக்க வழக்கமாகச் சாத்தும் கதவைப் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் சாத்திக் கொக்கியும் போட்டுக்கொண்டாள்.

கூலிங்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கதவின் கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. கையை ஆட்டி ஆட்டி என்னவோ விளக்கினாள். திடீரென்று தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. ஐந்து மணி. கம்பெனிக்காரர் கூப்பிடப்போவது அந்த போனில்தான்.

எழுந்து போய்க் கதவைத் தட்டினார். கீழே லாரி பின்வாங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. அவள் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள், எதையோ அழுத்தினாள், மறுபடி காதில் வைத்தாள். இப்போது சிரிக்கவில்லை. முதுகை நிமிர்த்தி நின்றுகொண்டு, வார்டில் டாக்டரிடம் பேசுவதுபோல் பேசினாள். மறுபடி திரையை அழுத்தினாள். மறுபடி சிரித்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டே இருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் மத்தியானம் பட்ட பாடு இப்போது அவருக்கு நன்றாகப் புரிந்தது.

கொக்கி திறந்தது.

"ரெண்டு பேருக்கும் பதில் சொல்லிட்டேன்" என்றாள் நர்ஸம்மா, போனை அவர் கையில் வைத்து.

"ரெண்டு பேருக்குமா?"

"உங்க கம்பெனிக்காரர் நடுவுல வந்தாரு. அந்தம்மாவை இருக்கச் சொல்லிட்டு அவர்கிட்ட பேசினேன். அப்புறம் அவர் போனை வெச்சதும் அந்தம்மாகிட்ட பேசினேன். முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது? என்னன்னு சொன்னே?"

"சொல்றேன். கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்கறேன், சொல்றேன்."

தலையணையில் சாய்ந்தாள். அவர் பக்கத்தில் குனிந்தார். "ம், சொல்லு."

மூச்சு ஒரே சீராக வந்தது. கீழே இரண்டு லாரிகள் சேர்ந்தாற்போல் பீப் பீப் என்றன. அவள் இமைகூட அசையவில்லை.

எழுப்பலாம் என்று தோளருகே நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு என்னவென்று கேட்பது? "சார், நான் என்ன சொன்னேன்?" என்றா? தாங்கள் எந்த ஊரில் வாழப்போகிறோம் என்பது தெரியாமல், தெரிந்த ஒரே ஆளின் தூக்கத்துக்குக் காவலாக, நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

கையிலிருந்த போன் துடித்தது. மேனேஜர். முதல் அதிர்விலேயே எடுத்து வாயருகே பொத்திக்கொண்டார்.

"என்னய்யா, என் ஏசி அப்படியே கிடக்கு! உடனே வா!"

கூலிங்காரர் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். கை நடுக்கம்கூட நின்றிருந்தது.

"நாளைக்குப் பாக்கலாம் சார்" என்று கிசுகிசுத்துவிட்டு போனை வைத்தார்.